விழிப்பும் மயக்கமும்: தீர்மானிப்பவர் யார்?

ஒரு பெண்ணின் கருப்பையினுள் வைத்தியர் கருவியொன்றைச் செலுத்தவிருக்கிறார். அவ்வேளை அப்பெண் விழித்திருக்க வேண்டுமா, மயங்கியிருக்க வேண்டுமா? இவ்வினா மருத்துவ நுட்பம் சார்ந்த ஒன்றாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆகவே அதற்கு விடைகூறும் உரிமையும் வைத்தியருக்கே உரியதெனக் கொள்ளப்படுகிறது. கலைப்பீட மாணவி ஒருத்தி இதுபற்றி எழுதப் புகுவது எல்லை மீறலெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின், இவ்வினாவின் ஒரு பாதி மாத்திரமே மருத்துவம் சார்ந்தது. மறுபாதி அதிகாரம் சார்ந்தது. வலியை அனுபவிப்பவர் ஒருவராகவும் அவ்வலி எவ்வளவினது என அளவிடுபவர் இன்னொருவராகவும் இருக்கும்போது, அங்கு நிலவுவது வெறும் சிகிச்சை உறவன்று, சமூக உறவுமாகும். சமூக உறவுகளை ஆராய்வதே எமது பீடத்தின் தொழிலெனில், இவ்வினாவை நாம் தவிர்த்துச் செல்வதற்கு நியாயமில்லை.

நேரிற் கண்டது

சென்ற வருடம் என் பெரியம்மாவுடன் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 58. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளின் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தது. இத்தகைய இரத்தப்போக்குப் பெரும்பாலும் பாரதூரமற்ற காரணங்களால் ஏற்படுவதே. எனினும், கருப்பையின் உட்படையிற் புற்றுநோய் இல்லையென்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் விடலாகாது. ஆதலால் உட்படையிற் சிறு பகுதியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமெனக் கூறப்பட்டபோது எமக்கு மறுப்பேதும் இருக்கவில்லை. "அஞ்சு நிமிச வேலைதான், கொஞ்சம் நோகும்" என்றார்கள். ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட படிவமொன்றில் அவர் தமிழிற் கையொப்பமிட்டார். வேறு வழிகள் உண்டா என்பது பற்றி அவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.

சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தவர், வாங்கில் இருந்து, வெகுநேரத்தின் பின்னரே பேசினார்: "நோகுது, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான் பிள்ளை. 'நாலு பிள்ளை பெத்தனீங்கள்தானே அம்மா, இதென்ன பெரிய நோ' எண்டிட்டினம்."

சில வாரங்களின் பின் புற்றுநோய் இல்லையென்ற முடிவு வந்தது. வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தனர். அந்த ஆறுதலின் கீழ் அவரது வலி புதைக்கப்பட்டது. கதை அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. இவ்வருடம் அவருக்கு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டுள்ளது. பரிசோதனையை மறுபடியும் செய்யவேண்டும். "செத்தாலும் அங்க போகமாட்டன்" என்கிறார். ஐந்து நிமிட வலி என அலட்சியப்படுத்தப்பட்டது எத்தகைய விலையைக் கேட்கிறது என்பதை இங்கு காண்கிறோம்.

அன்று அங்கிருந்த வைத்தியரையோ தாதியரையோ கொடியவர்களெனக் கூறுவது என் நோக்கமன்று. அந்தக் கிளினிக்கின் வாயிலில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் காத்திருந்தனர். நல்லவர்கள் பலர் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பிலே ஒரு பெண்ணின் "நிப்பாட்டுங்கோ" என்ற சொல் ஏன் பொருளற்றுப் போகிறது என்பதே எனது வினா. இதற்கு விடைகாண வரலாற்றை நோக்குதல் அவசியமாகிறது.

விழித்திருக்க விதிக்கப்பட்டோர்

பெண்நோயியற் சத்திரசிகிச்சையின் தந்தையென நெடுங்காலம் போற்றப்பட்டவர் அமெரிக்கரான ஜே. மரியன் சிம்ஸ். பிரசவத்தின்போது சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையில் ஏற்படும் துளையைத் தைத்துச் சீராக்கும் முறையை அவர் 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்திலே அடிமைப் பெண்களின் உடல்களிற் பரிசோதித்துக் கண்டறிந்தார். அனார்க்கா, பெற்சி, லூசி என்னும் மூவரின் பெயர்கள் மாத்திரமே எமக்குக் கிடைத்துள்ளன. அனார்க்கா ஒருத்தியின் மீதே முப்பது தடவை சத்திரசிகிச்சை செய்யப்பட்டது, மயக்கமருந்து கொடுக்கப்படவில்லை. சிம்ஸ் இம்முயற்சியைத் தொடங்கியபோது ஈதரின் பயன் உலகுக்குத் தெரியாது என்பது உண்மையே. 1846 ஒக்டோபர் 16 ஆம் நாளன்று பொஸ்டன் நகரிலே வில்லியம் மோர்ட்டன் ஈதரைப் பகிரங்கமாகப் பயன்படுத்திக் காட்டினார். ஆனால் அதன் பின்னரும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அப்பெண்கள் விழித்தபடியே கிடந்தனர். அடிமையின் ஒப்புதல் என ஒன்று சட்டத்தில் இருக்கவில்லை. ஒப்புதல் தேவைப்படாதபோது வலியும் கணக்கில் வருவதில்லை. நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை அண்டி நின்ற சிம்சின் சிலை 2018 இல் அகற்றப்பட்டது. அப்பெண்களின் வலி பொதுவெளியில் ஏற்றுக்கொள்ளப்பட ஏறக்குறைய 170 ஆண்டுகள் சென்றன.

சுதந்திரப் பெண்களின் நிலையும் முற்றாக வேறானதன்று. 1847 இல் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன் முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபோமையும் பிரசவத்திற் பயன்படுத்தினார். வேதனையுடன் பிள்ளை பெறுவாய் என ஏவாளுக்கு விதிக்கப்பட்டதாக விவிலியத்தில் வரும் பகுதியைக் காட்டிச் சமயவழி மறுப்பு எழுமென எதிர்பார்த்த அவர், அதே ஆண்டு டிசெம்பரில் அதற்கு விடையாகச் சிறுநூலொன்றை வெளியிட்டார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் இறைவன் அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வருவித்தான் என்பது அவர் காட்டிய எதிர்ச்சான்று. ஆணின் விலாவுக்கு நித்திரை, பெண்ணின் கருப்பைக்கு வேதனை என்ற வேறுபாடு இவ்வாறு அவர் வாயிலாகவே வெளிப்பட்டது எனலாம். சமயம் மாத்திரமன்றி விஞ்ஞானமும் மறுப்புரைத்தது. பிரசவ வலி இயற்கையானது, உயிராற்றலின் வெளிப்பாடு, ஆகவே விரும்பத்தக்கது எனப் பிலடெல்பியாவின் பேராசிரியர் சார்ள்ஸ் மெய்க்ஸ் வாதிட்டார்.

1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது டொக்டர் ஜோன் ஸ்னோ குளோரோபோம் கொடுத்தார். அது முழு மயக்கமன்று. கைக்குட்டையில் சிறிது சிறிதாக விடப்பட்ட மருந்தினால் மகாராணி நினைவிழக்காமலே வலி தணியப்பெற்றார். விழித்திருந்தபடியே வலி நீங்குவது இயலுமென 1853 இலேயே தெரிந்திருந்தது. அது யாருக்குக் கிடைத்தது என்பதுதான் மனங்கொள்ளத்தக்கது. மகாராணி கேட்டார், கொடுத்தனர். அனார்க்கா கேட்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

மயங்கியிருக்க விதிக்கப்பட்டோர்

அவ்வாறாயின் எல்லாப் பெண்களையும் மயக்கிவிடுவதே விமோசனமாகுமா? வரலாறு அதற்கும் இடந்தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் மோர்பின், ஸ்கொபொலமின் என்னும் இரு மருந்துகளைக் கலந்து பிரசவத்தின்போது கொடுக்கும் முறையொன்று வளர்ச்சிபெற்றது. 'அந்திநேர உறக்கம்' என்பது அதன் பெயர். அமெரிக்கப் பெண்கள் சிலர் இதைத் தம் நாட்டிலும் வழங்கவேண்டுமென 1914 இல் சங்கம் அமைத்தே போராடினர். வலியற்ற பிரசவத்தைப் பெண்ணுரிமையாகக் கண்ட அப்போராட்டம் மதிக்கத்தக்கதே. ஆனால் அம்மருந்து வலியை முற்றாக அகற்றவில்லை. வலியின் நினைவையே அகற்றியது. பெண்கள் அலறினர், புரண்டனர், கட்டில்களிற் கட்டப்பட்டனர். விழித்தபோது ஒன்றும் நினைவில் இருக்கவில்லை. பெண்கள் கேட்டுப் பெற்ற முறை காலப்போக்கில் அவர்களைக் கேளாமலே செய்யப்படும் வழக்கமாயிற்று. அமெரிக்கப் பிரசவ வாட்டுகளில் நடந்த கொடுமைகள் பற்றி 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' 1958 இல் வாசகியரின் கடிதங்களை வெளியிட்டபோதே பலருக்கு உண்மை தெரியவந்தது.

இதனினும் பாரதூரமான இன்னொன்றுண்டு. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரிலுள்ள தேசிய மகளிர் வைத்தியசாலையில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் முன்னிலை கண்ட பெண்களுக்கு உரிய சிகிச்சை அளிக்காது, அவர்கள் அறியாமலே அவர்களை அவதானித்து வந்தமை 1987 இல் அம்பலமாயிற்று. நீதிபதி சில்வியா கார்ட்றைட் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1988 இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சைக்காக மயக்கப்பட்டிருந்த பெண்களை, அவர்களின் அனுமதியின்றி, மருத்துவ மாணவர்கள் பயிற்சிக்காக உட்பரிசோதனை செய்துவந்தமையும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. இது நியூசிலாந்துக்கு மாத்திரம் உரிய குறையன்று. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் இதனைத் தடுக்க 2003 இற் சட்டம் இயற்றியது. எனினும் அந்நாட்டு மத்திய அரசு 2024 இலும் இதுகுறித்து வைத்தியசாலைகளுக்குப் பணிப்புரை வழங்கவேண்டியிருந்தது.

ஆக, விழித்திருப்பவளின் குரல் கேட்கப்படவில்லை. மயங்கியிருப்பவளுக்குக் குரலே இல்லை. முன்னையதில் வலி திணிக்கப்பட்டது; பின்னையதில் அறியாமை திணிக்கப்பட்டது. இரண்டிற்கும் பொதுவானது ஒன்றே: தீர்மானித்தவள் அவளல்லள். விழிப்பும் மயக்கமும் தம்மளவில் உரிமையுமல்ல, அடக்குமுறையுமல்ல. அவற்றுள் எது என்பதைத் தீர்மானிப்பதே உரிமை. இதுவே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

இடையிலுள்ள வழிகள்

விழிப்பு, மயக்கம் என இரண்டே நிலைகள் இருப்பதாக எண்ணுவதும் தவறு. வலி தணிக்கும் மாத்திரையை முன்கூட்டியே உட்கொள்ளல், கருப்பைக் கழுத்தைச் சுற்றி விறைப்பூசி போடுதல், முகமூடி வழியாக வாயுவைச் சுவாசித்தல், நரம்பூசியால் அரைத்தூக்கத்தில் ஆழ்த்துதல், முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்பின் கீழ் விறைக்கச் செய்தல், முழுமயக்கம் எனப் படிகள் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. உதாரணமாக, கழுத்துப் பகுதியில் இடும் விறைப்பூசி கருப்பையின் மேற்பகுதிக்கு முழுமையாக எட்டுவதில்லை; அப்பகுதியின் உணர்ச்சி வேறு நரம்புகள் வழியே செல்வது அதற்குக் காரணம். முழுமயக்கத்துக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், தியேட்டர் வேண்டும், மயக்கமருந்து நிபுணர் வேண்டும், விழித்தபின் வீட்டுக்குக் கூட்டிச்செல்ல ஒருவர் வேண்டும். மூச்சுப்பாதை தொடர்பான ஆபத்துகளும், அரிதேயாயினும், உள்ளன.

எல்லாப் பெண்களும் ஒரேவகையாக வலியை உணர்வதுமில்லை. கருப்பையின் உட்புறத்தை மெல்லிய குழாய்க் கருவியாற் பார்க்கும் பரிசோதனையை மயக்கமின்றியே சிறு வலியுடன் முடித்துக்கொண்டு அன்றே வேலைக்குத் திரும்பும் பெண்கள் பலருளர். தம் உடலில் நிகழ்வதைத் தாமே திரையிற் பார்க்க விரும்புவோரும் உளர். கடும் வலியால் துடிப்போரும் உளர். யோனிவழிப் பிரசவம் கண்டோருக்கு ஒப்பீட்டளவில் வலி குறைவு என்பதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் மாதவிடாய் நின்றபின் கருப்பைக் கழுத்து ஒடுங்கிச் சுருங்கிவிடுகிறது. அன்று அனாயாசமாகக் கருவியை அனுமதித்த உடல் இன்று அனுமதிப்பதில்லை. ஆகவே "பிள்ளை பெத்தனீங்கள்தானே" என்பது கருணையற்ற வாதம் மாத்திரமன்று. 58 வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை மருத்துவ அறிவும் குறைந்த வாதமாகும்.

இப்பரிசோதனை பிரித்தானியாவிற் பெருஞ் சர்ச்சைக்குரியதாயிற்று. வலியால் துன்புற்ற பெண்கள் ஒன்றுதிரண்டு இயக்கம் நடத்தினர். லின் பிரவுன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் பொதுமக்கள் சபையிலே பல தடவை இவ்விடயத்தை எழுப்பினார். அந்நாட்டிலே பெருங்குடலை உட்புறமாகப் பார்க்கும் பரிசோதனைக்கு உறக்கமூட்டும் ஊசி வேண்டுமா என வினவுதல் வழக்கம். கருப்பைக்கு மாத்திரம் அவ்வினா ஏன் எழுவதில்லை என அப்பெண்கள் கேட்டனர். 2023 இல் அந்நாட்டின் மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர்களின் றோயல் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டல், முழுமயக்கம் உட்பட எல்லா வழிகளையும் பெண்ணுக்கு முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டுமெனவும், அவள் நிறுத்தும்படி கேட்டால் நிறுத்த வேண்டுமெனவும் கூறுகிறது. கருத்தடை வளையத்தை வைக்கும்போது ஏற்படக்கூடிய வலி பற்றியும் அதைத் தணிக்கும் வழிகள் பற்றியும் எல்லாப் பெண்களுக்கும் விளக்கவேண்டுமென அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2024 இல் அறிவுறுத்தியது.

சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்துள்ளது. எவ்வளவு சொல்ல வேண்டுமென்பதை வைத்தியர் சமூகமே தீர்மானிக்கும் என்ற கொள்கை பிரித்தானிய நீதிமன்றங்களில் நெடுங்காலம் நிலவியது. 2015 இல் மொன்கொமரி எதிர் லனார்க்சயர் சுகாதாரச் சபை என்ற வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதனைக் கைவிட்டது. நீரிழிவுள்ள தாயொருத்திக்குப் பிரசவத்தில் வரக்கூடிய ஆபத்துச் சொல்லப்படாமையே அவ்வழக்கின் பொருள். நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் எதை முக்கியமெனக் கருதுவாரோ அது சொல்லப்பட வேண்டும். நியாயமான மாற்றுவழிகளும் சொல்லப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

மறுப்புரைகள்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன சிலவற்றை நோக்குவோம்.

முதலாவது, ஐந்து நிமிடந்தானே என்பது. வலியின் அளவு கடிகாரத்தால் அளக்கப்படுவதன்று. ஐந்து நிமிட வலி ஒரு பெண்ணை வாழ்நாள் முழுவதும் ஆஸ்பத்திரியிலிருந்து விலக்கிவிடுமாயின், அங்கு மிச்சப்பட்டது எதுவுமில்லை.

இரண்டாவது, முன்கூட்டியே சொன்னாற் பயந்துவிடுவார்கள் என்பது. பயம் வலியை மிகுவிக்கும் என்பது உண்மையே. ஆனால் "கொஞ்சம் நோகும்" எனக் கேட்டுச் சென்றவள் கடும் வலியை எதிர்கொள்ளும்போது இழப்பது தைரியத்தை மாத்திரமன்று, நம்பிக்கையையுமாகும். பயத்தைச் சில வார்த்தைகளால் தணிக்கலாம். இழந்த நம்பிக்கையை மீட்பது எளிதன்று.

மூன்றாவது, எமது நாட்டின் வளப்பற்றாக்குறை. இதுவே கனதியான வாதம். இலவச வைத்தியசேவையைப் பேணும் ஓர் ஏழை நாட்டிலே, 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்திய நிபுணர் பலர் வெளியேறிய சூழலிலே, ஒவ்வொரு பெண்ணுக்கும் தியேட்டரும் மயக்கமருந்து நிபுணரும் உடனடியாகக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நான் அதைக் கேட்கவில்லை. விறைப்பூசிக்கு மயக்கமருந்து நிபுணர் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் முன்னதாக மாத்திரை கொடுப்பதற்குத் தியேட்டர் தேவையில்லை. "நிப்பாட்டுங்கோ" என்றால் நிறுத்துவதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. முழுமயக்கம் வேண்டுமெனில் இரண்டு மாதம் காத்திருக்க நேரிடுமென்றால், அதையும் சொல்லிவிடலாம். காத்திருப்பதா, பொறுத்துக்கொள்வதா என்பதை அவளே நிறுத்துப் பார்ப்பாள். வறுமையை ஒப்புக்கொள்வது இகழ்ச்சியன்று. வறுமையை மறைத்து, இதுவே ஒரே வழியெனக் காட்டுவதுதான் ஏமாற்று. கையிற் பணமுள்ளவள் தனியார் வைத்தியசாலையில் இதே வினாவைக் கேட்டு விடைபெறுகிறாள் என்பதையும் நாம் மறத்தலாகாது. வலியிலும் வர்க்க பேதமுண்டு.

நான்காவது, "எமது பெண்களே 'டொக்டர் சொல்லுறபடி செய்யுங்கோ' என்று விட்டுவிடுகிறார்களே" என்பது. உண்மைதான். ஆயின், விட்டுக்கொடுப்பதும் ஒரு தீர்மானமாக வேண்டுமெனில், விட்டுக்கொடுப்பது எதை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததை எவரும் விட்டுக்கொடுப்பதில்லை, அது பறிக்கப்படுகிறது.

மொழியும் ஒப்புதலும்

சிம்சன் குளோரோபோமைப் பிரசவத்திற் பயன்படுத்திய அதே 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே அவர் உள்ளூர் மாணவருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார்; பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு ஆகிய துறைசார் நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. கிறீனைப் பற்றி நாம் மேடைகளிற் பெருமை பேசுவதுண்டு. தமிழில் விஞ்ஞானம் முடியும் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுவதுமுண்டு. ஆனால் அவர் மறைந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகியும், தமிழும் அரசகரும மொழியென 1987 இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட பின்னரும், என் பெரியம்மா தம் உடல்மீது நிகழ்த்தப்படவுள்ள செயலுக்கு அந்நிய மொழிப் படிவமொன்றிலே கையொப்பமிட்டார். வாசிக்க முடியாத தாளில் இடப்படும் கையொப்பம் ஒப்புதலன்று; அது வைத்தியசாலைக்குப் பாதுகாப்பு மாத்திரமே.

இங்கு எமக்கும் ஒரு பங்குண்டு. மருத்துவபீடத்து நண்பர்கள் ஆங்கிலத்திற் கற்று, தமிழில் வலியைக் கேட்கவேண்டியவர்கள். 'நோ', 'உளைவு', 'குத்து', 'எரிவு', 'கடுப்பு' என எமது பெண்கள் வலியை எத்தனை சொற்களாற் பிரித்துக் கூறுகின்றனர்! அவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்குறி. கலைப்பீடத்து நாமோ அச்சொற்களை அறிந்தும், அவற்றைப் படிவமாகவும் கையேடாகவும் ஆக்கிக்கொடுக்கும் கடமையை உணராதிருக்கிறோம். என்ன செய்யப்படவுள்ளது, எவ்வளவு நோகக்கூடும், நோவைத் தணிக்க இங்குள்ள வழிகள் எவை, வேறிடத்தில் உள்ளவை எவை, எந்தச் சொல்லைச் சொன்னால் நிறுத்துவார்கள் என்னும் ஐந்து வினாக்களுக்கு விடைதரும் ஒரு தாள் போதும். அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்குவதற்கு இரு பீடங்களும் ஒருநாள் கூடியிருந்தாற் போதும். தமிழ்ச் சங்கம் விழா எடுப்பதோடு நில்லாது இப்பணியையும் மேற்கொள்ளலாகாதா?

இக்கட்டுரைக்காக நான் வாசித்தவற்றைச் சென்ற விடுமுறையிற் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். விறைப்பூசி பற்றியும், மயக்கித் தூங்கவைத்துச் செய்யலாம் என்பது பற்றியும், தாம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பது பற்றியும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்பிடியெண்டால் போய்ப் பாப்பம்" என்றார். எழுந்து உள்ளே சென்றவர் வாசற்படியில் நின்று திரும்பிக் கேட்டார்: "இவ்வளவு வழியிருந்தால், முதலே ஏன் பிள்ளை ஒருத்தரும் சொல்லேல்லை?"

அக்கேள்விக்கு விடைகூற வேண்டியவள் நான் மாத்திரமல்லள்.